தீதோ அரசி: ஒரு கைம்பெண்ணின் பெயர் பட்ட பாடு

பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் வட ஆபிரிக்காவில் ஒரு பள்ளிச் சிறுவன் இலத்தீன் காவியமொன்றைப் படித்துக் கண்ணீர் விட்டான். காதலனால் கைவிடப்பட்டுத் தன்னைத் தானே மாய்த்துக்கொண்ட ஓர் அரசிக்காகவே அவன் அழுதான். அந்தக் காவியம் உரோமைப் பெருங்கவிஞர் வேர்ஜில் இயற்றிய 'ஏனேயிட்'. அந்த அரசி, கார்த்தேஜ் நகரை நிறுவியவள் எனப்படும் தீதோ. அந்தச் சிறுவன், பின்னாளில் ஆயரும் திருச்சபையின் மறைவல்லுநருமாகிய புனித அகுஸ்தீனார்.

கி.பி. 397ஆம் ஆண்டளவில் எழுதத் தொடங்கிய 'ஒப்புதல்கள்' என்னும் நூலில் அகுஸ்தீனார் இந்தக் கண்ணீரை நினைவுகூர்கின்றார். தீதோவின் சாவுக்காக அழுத தாம், இறைவனைப் பிரிந்து இறந்துகொண்டிருந்த தம் ஆன்மாவுக்காக அழவில்லையே என்று வருந்துகின்றார். இதனைப் பலரும் அறிவர். ஆனால் அதே இடத்தில் அவர் கூறும் மற்றொரு செய்தியைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. ஏனேயாஸ் என்ற அந்தக் காதலன் மெய்யாகவே கார்த்தேஜுக்கு வந்தானா என்று கேட்டால், அதிகம் படியாதவர்கள் தெரியாது என்பார்கள்; படித்தவர்களோ அது உண்மையன்று என்பார்கள் என அவர் எழுதியுள்ளார்.

அப்படியானால் அச்சிறுவன் யாருக்காக அழுதான்? உண்மையில் நடவாத ஒன்று எவ்வாறு உலகமெல்லாம் அறிந்த கதையாயிற்று? இக்கேள்விகளைப் பின்தொடர்ந்து சென்றால், ஒரு பெண்ணின் பெயரை எழுத்தாளர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக எவ்வாறு கையாண்டு வந்துள்ளார்கள் என்பது தெளிவாகும். அது இலக்கியப் பாடம் மட்டுமன்று. பிறரைப் பற்றிப் பேசும் நம் எல்லோருக்கும் உரிய பாடமாகும்.

முதற் கதை

தீதோவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு, கி.மு. 3ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரை வாழ்ந்த சிசிலித் தீவுக் கிரேக்க வரலாற்றாசிரியரான திமேயுஸ் என்பவருடையது. அதனை விரிவாகக் கூறுபவர், பொம்பேயுஸ் துரோகுஸ் என்பவர் எழுதிய உலக வரலாற்றைச் சுருக்கித் தந்த யுஸ்தீனுஸ் ஆவார். அவர்கள் கூறும் கதையில் ஏனேயாஸ் என்ற பெயரே இல்லை.

அவளுடைய இயற்பெயர் எலீசா. வேதாகமத்தில் நாம் அடிக்கடி காணும் தீர் என்ற துறைமுகப் பட்டினத்தின் அரச குலத்தில் பிறந்தவள். அவளுடைய கணவன் பெருஞ்செல்வனான ஒரு குரு. அச்செல்வத்தின்மேல் ஆசை கொண்ட அவளது தமையன் பிக்மாலியோன் அரசன், அவனைக் கொன்றான். எலீசா தன் வெறுப்பை வெளியே காட்டவில்லை. அண்ணனின் மாளிகைக்கே குடிவருவதாகச் சொல்லி, அவன் அனுப்பிய ஆட்களைக் கொண்டே தன் உடைமைகளைக் கப்பலில் ஏற்றுவித்தாள். நடுக்கடலில் மணல் நிரம்பிய மூட்டைகளைத் தண்ணீரில் தள்ளச் செய்து, "அரசன் ஆசைப்பட்ட பொன் போயிற்று, இனி நீங்கள் திரும்பிச் சென்றால் உங்கள் கதி என்ன?" என்ற நிலையை ஏற்படுத்தினாள். அவர்களும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.

ஊரை இழந்த அந்தக் கூட்டம் சைப்பிரஸ் வழியாக, இன்று டுனீசியா என வழங்கும் நாட்டின் கரையை அடைந்தது. ஒரு மாட்டுத்தோல் மூடக்கூடிய அளவு நிலம் விலைக்குத் தந்தால் போதும் என்று எலீசா கேட்டாள். கிடைத்ததும் தோலை மெல்லிய வார்களாகக் கீறி, ஒரு குன்றையே சுற்றி வளைத்தாள். அங்கே எழுந்ததுதான் கார்த்தேஜ். திமேயுஸின் கணக்குப்படி இது கி.மு. 814ஆம் ஆண்டளவில் நடந்தது.

நகரம் செழித்தது. அயலிலிருந்த இயார்பாஸ் என்ற அரசன் அவளை மணக்க விரும்பி, மறுத்தால் போர் என்று நகரப் பெரியோர் பத்துப் பேரிடம் கூறினான். அவர்கள் இதை நேரே சொல்லப் பயந்தார்கள். அந்த அரசன் தன் மக்களுக்கு நாகரிகம் கற்பிக்க ஒருவரைக் கேட்கிறான், ஆனால் உறவினரை விட்டு அந்நியரிடையே வாழ யார்தான் போவார் என்று கூறினார்கள். நாட்டுக்காகக் கடினமான வாழ்வை ஏற்க மறுப்பதா என்று எலீசா அவர்களைக் கடிந்துகொண்டாள். உடனே அவர்கள் உண்மையை வெளியிட்டார்கள். தன் சொல்லாலேயே அவள் கட்டுண்டாள். கணவனின் பெயரைச் சொல்லி நெடுநேரம் அழுதாள். மூன்று மாதத் தவணை கேட்டாள். பின் நகரின் ஓரத்தில் பெரிய சிதை ஒன்றை அடுக்கி, கணவனுக்குச் செய்ய வேண்டிய சடங்குகளைச் செய்வதுபோற் செய்து, நீங்கள் சொன்னபடியே என் கணவனிடம் போகிறேன் என்ற கருத்துப்பட மக்களிடம் கூறிவிட்டு, வாளினால் தன்னை மாய்த்துக்கொண்டாள். கார்த்தேஜ் நிலைத்திருந்த காலமெல்லாம் அவளை அந்நகர மக்கள் தெய்வமாக வழிபட்டார்கள் என்று யுஸ்தீனுஸ் முடிக்கின்றார்.

இக்கதையில் வரும் பெண் காதலுக்காக இறக்கவில்லை. இறந்த கணவனுக்கு அளித்த வாக்குறுதிக்கும் உயிரோடிருந்த மக்களின் பாதுகாப்புக்கும் இடையில் நெரிபட்டு இறந்தாள்.

வேர்ஜில் செய்த மாற்றம்

கார்த்தேஜுக்கும் உரோமைக்கும் இடையே கி.மு. 264 முதல் 146 வரை மூன்று பெரும் போர்கள் நடந்தன. இறுதியில் உரோமையர் கார்த்தேஜைத் தீயிட்டு அழித்தார்கள். ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின், அகுஸ்து மன்னரின் ஆட்சியில், வேர்ஜில் உரோமையின் பிறப்பைப் பாடும் காவியத்தை எழுதினார். கி.மு. 19இல் அவர் இறந்தபோது அது இன்னும் முற்றாகச் செப்பனிடப்படவில்லை.

உரோமைக் குலத்தின் மூதாதையாகிய ஏனேயாஸ், எரிந்த ட்ரோய் நகரிலிருந்து தப்பிப் புயலில் அகப்பட்டுக் கார்த்தேஜில் கரையொதுங்குகிறான். தீதோ அவனுக்கு அடைக்கலம் கொடுக்கிறாள். இரண்டாம் முறை மணப்பதில்லை என்று செய்த சபதத்தை மறக்கிறாள். நகர வேலைகள் அரைகுறையாக நிற்கின்றன. பின் தேவர்களின் கட்டளைப்படி அவன் இத்தாலிக்குப் புறப்பட, அவள் சிதையில் ஏறி, அவன் விட்டுச்சென்ற வாளினாலேயே மடிகிறாள். சாகுமுன் அவன் குலத்தைச் சபிக்கிறாள். பின்னாளில் உரோமையை நடுங்க வைத்த ஹனிபாலின் வருகைக்கு அச்சாபமே காரணம் எனக் காவியம் உணர்த்துகிறது.

இங்கே காலக்கணக்குப் பொருந்தவில்லை. கிரேக்கர் வகுத்த கணக்கில் ட்ரோய் வீழ்ந்தது கி.மு. 1184; கார்த்தேஜ் தோன்றியது 814. இடையில் முந்நூற்றெழுபது ஆண்டுகள். இருவரும் ஒருவரையொருவர் கண்டிருக்க முடியாது.

வேர்ஜில் ஏன் இவ்வாறு செய்தார்? இரு நகரங்களின் பகைக்கு ஒரு வேர் காட்ட விரும்பினார் என்பது ஒரு விடை. கி.மு. 31இல் அகுஸ்து தோற்கடித்த எகிப்திய அரசி கிளியோப்பத்திராவின் சாயல் தீதோவில் விழுந்துள்ளது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. எப்படியாயினும் கவிஞருக்கு ஒரு நியாயம் செய்தல் வேண்டும். அவர் தீதோவை இழிவான பெண்ணாகப் படைக்கவில்லை. ஏனேயாஸ் அவளை முதன்முதலிற் காணும்போது அவள் சட்டம் வகுத்து, வேலைகளைப் பங்கிட்டு, நகரைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். தானும் அகதியாய் அலைந்தவள் என்பதாலேயே அகதிகளுக்கு இரங்குகிறாள். பின்னர் மறுவுலகில் ஏனேயாஸ் அவளைக் கண்டு கண்ணீரோடு பேசும்போது, அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பித் தன் முதற் கணவனிடம் போய்விடுகிறாள். அந்த மௌனத்தின் முன் காவியத் தலைவனே சிறுத்துப்போகிறான்.

வேர்ஜிலுக்கு அடுத்து வந்த ஒவிட் என்ற கவிஞர், தீதோ ஏனேயாஸுக்கு எழுதுவதுபோன்ற ஒரு கடிதத்தைப் பாட்டாக இயற்றினார். அதில் அவள் அவனுடைய பக்தியையே சந்தேகிக்கிறாள். முதல் மனைவியையும் இவ்வாறுதானே விட்டுவந்தாய் என்று இடித்துரைக்கிறாள். கதை மாறவில்லை, ஆனால் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறிவிட்டார்.

கார்த்தேஜ் மண்ணின் மறுப்பு

வேர்ஜிலின் கதைக்கு எதிரான குரல், கார்த்தேஜிலேயே பிறந்த ஒரு கிறிஸ்தவரிடமிருந்து கேட்டது. அவர் கி.பி. 160ஆம் ஆண்டளவில் பிறந்த தெர்த்தூலியன். சிறையிலிருந்த கிறிஸ்தவர்களைத் திடப்படுத்த எழுதிய சிறு நூலில், துன்பத்துக்கு அஞ்சாத பிற சமயப் பெண்களின் வரிசையில் அவர் தீதோவையும் சேர்த்தார். அவர் கூறும் தீதோ ஏனேயாஸுக்காக இறந்தவளல்லள். மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தப்பட்டதால் தீயை நாடியவள். வேட்கையில் வேகுவதைவிட மணம் செய்துகொள்வது மேல் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நாம் அறிவோம். அதனைத் தலைகீழாக்கி, மணத்தைவிட வேகுவதையே தெரிந்துகொண்டவள் என்று தீதோவை மற்றொரு நூலில் அவர் வருணித்தார்.

புனித எரோணிமுஸும் 393ஆம் ஆண்டளவில் யொவினியானுக்கு எதிராக எழுதிய நூலில் இதே கதையைக் கூறுகின்றார். கற்புடைய ஒரு பெண்ணால் தொடங்கிய கார்த்தேஜ், மற்றொரு பெண்ணின் கற்போடு முடிந்தது என்கிறார். கி.மு. 146இல் நகரம் விழுந்தபோது, படைத்தலைவன் அஸ்துருபாலின் மனைவி தன் பிள்ளைகளுடன் தீயில் பாய்ந்ததை அவர் குறிப்பிடுகிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இவர்கள் போற்றியது அவளுடைய பிரமாணிக்கத்தை. தன்னுயிரைத் தானே போக்குவதைத் திருச்சபை ஏற்பதில்லை. 'இறைவனின் நகர்' என்ற நூலில், உரோமைப் பெண்ணான லுக்ரேசியாவின் சாவை ஆராயும் அகுஸ்தீனார், கற்பின் பெயராலும் அது ஆகாது என நிறுவுகின்றார்.

அழகு வென்றது

கற்றோர் இவ்வளவு சொல்லியும் வேர்ஜிலின் கதையே நிலைத்தது. ஏன்? 5ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய மக்ரோபியுஸ் என்ற அறிஞர் இதற்கு நேர்மையான பதிலைத் தருகின்றார். இக்கதை பொய் என்பதை எல்லோரும் அறிவர். ஆயினும் அதைச் சொன்ன விதத்தின் அழகில் மயங்கி, ஓவியரும் சிற்பிகளும் நெசவாளரும் கூட அதனையே மீண்டும் மீண்டும் படைக்கிறார்கள். உண்மை தெரிந்தவர்களும் தெரியாததுபோல் இருந்துவிடுகிறார்கள் என்பது அவர் கருத்து. அக்காலத்துக் கிரேக்கச் சிறு பாடலொன்றில் தீதோவின் உருவச்சிலையே வாய்திறந்து, ஏனேயாஸை நான் கண்டதுமில்லை, என் மானத்தை ஏன் கெடுத்தார்கள் என்று முறையிடுகிறது.

அந்த முறையீடு 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தாந்தேயின் காதில் விழவில்லை. 'தெய்வீக நாடக'த்தில் நரகத்தின் இரண்டாம் வட்டத்திலே, ஆசைக்கு அறிவை அடிமையாக்கியவர்கள் ஓயாத சூறாவளியில் அலைக்கழிகிறார்கள். கணவனின் சாம்பலுக்குத் துரோகம் செய்தவள் என்ற அடையாளத்தோடு தீதோ அங்கே நிற்கிறாள். அவளைத் தாந்தேக்குச் சுட்டிக்காட்டும் வழிகாட்டி யார்? வேர்ஜிலேதான். கவிஞர் கற்பனையாற் கட்டிய குற்றத்துக்கு, மற்றொரு கவிஞரின் கற்பனை தண்டனையும் வழங்கிவிட்டது.

வாதாட வந்தவர்கள்

தாந்தேக்கு அடுத்த தலைமுறையில் இத்தாலியப் புலவர் பெத்ராக்கா, கற்பின் வெற்றியைப் பாடும் தம் கவிதையிலே தீதோவைச் சேர்த்து, அவள் கணவன்மேல் கொண்ட அன்பினாலேயே இறந்தாள் என்று வலியுறுத்தினார். அவருடைய நண்பர் பொக்காச்சியோ, 1361ஆம் ஆண்டளவில் புகழ்பெற்ற பெண்களின் வரலாறுகளைத் தொகுத்தபோது யுஸ்தீனுஸின் கதையையே எடுத்தாண்டார்.

ஆனால் பொக்காச்சியோ அத்துடன் நிற்கவில்லை. தீதோவைக் காட்டி, மறுமணம் செய்த தம் காலத்துக் கிறிஸ்தவக் கைம்பெண்களைக் கடுமையாகச் சாடினார். கணவன் இறந்தபின் ஒரு பெண் விரும்பியவரை மணக்கச் சுதந்திரமுண்டு எனப் புனித பவுலே எழுதியிருக்க, பிற சமயத்து அரசியொருத்தியின் சிதையைக் காட்டி ஏழைக் கைம்பெண்களை அச்சுறுத்துவது எவ்வாறு தகும்? பழித்தவர்கள் தீதோவைக் காட்டிப் பெண்ணின் நிலையாமையைப் பேசினார்கள். புகழ்ந்தவர்கள் அவளையே பிற பெண்களை அடிக்கும் பிரம்பாக எடுத்தார்கள். இரு சாராரும் அவளிடம் கேட்ட கேள்வி ஒன்றே: அவள் கற்போடிருந்தாளா? அவள் வேறு என்ன செய்தாள் என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அக்கேள்வியைக் கேட்டவர் ஒரு கைம்பெண். இத்தாலியிற் பிறந்து பிரான்சில் வளர்ந்த கிறிஸ்தீன் த பிசான் இருபத்தைந்து வயதில் கணவனை இழந்து, பிள்ளைகளையும் தாயையும் எழுத்துத் தொழிலாற் காப்பாற்றியவர். 1405இல் அவர் எழுதிய 'பெண்களின் நகர்' என்ற நூலில் தீதோ இரண்டு இடங்களில் வருகிறாள். முதலிடத்தில் விவேகத்துக்கு எடுத்துக்காட்டாக: அண்ணனை ஏமாற்றித் தப்பியவள், மாட்டுத்தோலால் நிலம் அளந்தவள், நகர் கட்டி நீதியாய் ஆண்டவள். இரண்டாம் இடத்தில், நம்பிக் கைவிடப்பட்டவளாக, ஏனேயாஸின் கதையோடு. வேர்ஜிலின் கதையை அவர் தள்ளிவிடவில்லை. ஆனால் அந்தக் கடைசி நாளைக்கொண்டு முழு வாழ்வையும் மூடிவிட அவர் இடங்கொடுக்கவில்லை. தனியே நின்று குடும்பத்தைத் தாங்கிய ஒருவருக்குத்தான், தனியே நின்று ஒரு நகரைத் தாங்கியவளின் பாரம் விளங்கியது போலும்.

இன்னொரு வழக்கறிஞர் எதிர்பாராத இடத்தில் தோன்றினார். தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் போர்புரிந்த ஸ்பானிய வீரர் அலொன்சோ த எர்சில்யா, அப்போரைப் பற்றித் தாம் பாடிய 'அரௌக்கானா' காவியத்தின் மூன்றாம் பகுதியில் (1589), போர்க்கதையை இடைநிறுத்தி, உடன் சென்ற வீரர்களுக்குத் தீதோவின் உண்மைக் கதையை எடுத்துரைக்கின்றார். அவளைப் பற்றி ஒருவன் தவறாகப் பேசியதே காரணம். அக்காலத்திலும் அவளைப் பழிக்க ஒருவன் இருந்தான். மறுத்துப் பேசவும் ஒருவர் இருந்தார்.

மேடையும் தாயகமும்

1689இல் இலண்டனுக்கு அண்மையிலுள்ள செல்சியில், பெண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியொன்றில் ஹென்றி பேர்செல் இசையமைத்த 'தீதோவும் ஏனேயாஸும்' என்ற இசைநாடகம் நடைபெற்றது. அதற்குப் பாட்டெழுதிய நாகும் தேத் தேவர்களை நீக்கிவிட்டு, சூனியக்காரிகளைச் சதிசெய்ய வைத்தார். புறப்படத் துணிந்த ஏனேயாஸ் மனம்மாறி இருந்துவிடுகிறேன் என்கிறான். தீதோவோ, ஒருமுறை பிரிய நினைத்ததே போதும் போ என்று அனுப்பிவிடுகிறாள். தன்னை நினைவில் வைத்து, தன் முடிவை மட்டும் மறந்துவிடும்படி அவள் கேட்கும் இறுதிப் பாடல் இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது. உலகம் செய்ததோ நேர்மாறு. அவள் முடிவை நினைவில் வைத்து, அவளை மறந்துவிட்டது.

தாயகத்தில் அவள் முற்றாக மறக்கப்படவில்லை. டுனீசிய எழுத்தாளர் பௌசி மெல்லா 1988இல் 'எலீசா, நாடோடி அரசி' என்ற பொருள்படும் பிரெஞ்சு நாவலை வெளியிட்டார். அதில் அவளே தன் கதையைத் தன் வாயாற் சொல்கிறாள்.

அதுவும் கற்பனைதான். ஏனெனில் அவளுடைய மக்கள் அவளைப் பற்றி எழுதிய எதுவும் நமக்குக் கிட்டவில்லை. கார்த்தேஜ் வீழ்ந்தபின் அதன் நூலகங்களை உரோமை மூதவை ஆபிரிக்கச் சிற்றரசர்களுக்குக் கொடுத்துவிட்டது. மாகோ என்பவரின் வேளாண்மை நூல் இருபத்தெட்டுத் தொகுதிகளை மாத்திரம் இலத்தீனில் மொழிபெயர்க்கப் பணித்தது என்று பிளினி எழுதுகின்றார். பயிர்செய்யும் முறை தப்பியது. நகரைக் கட்டியவளின் கதை தப்பவில்லை. நாம் அறியும் தீதோ, முதற் கதையின் தீதோ உட்பட, அயலார் சொன்ன தீதோவே.

நாம் கற்பது

அகுஸ்தீனாரிடம் திரும்புவோம். 383ஆம் ஆண்டில் அவர் கார்த்தேஜிலிருந்து உரோமைக்குக் கப்பலேறினார். தம்மைப் போகவிடாமல் பற்றிக்கொண்ட தாய் மோனிக்காவை ஏமாற்றி, அவர் செபத்தில் இருந்த இரவிலே புறப்பட்டார். விடிந்தபோது தாய் கரையில் நின்று கதறினார். அதே கரை, இத்தாலி நோக்கிய அதே கடல்வழி, பின்னால் அழுகின்ற ஒரு கைம்பெண். தீதோவுக்காக அழுத சிறுவன், வளர்ந்து ஏனேயாஸ் செய்ததையே செய்தான். கதையைப் படித்துக் கண்ணீர் விடுவது எளிது. அருகில் நிற்பவரின் கண்ணீரைக் காண்பது கடினம். இதனை மறைக்காமல் அவரே எழுதிவைத்தார்.

வேர்ஜிலின் காவியத்தைப் படிக்க வேண்டாம் என்று இதனாற் சொல்லவில்லை. அது மனித உள்ளத்தை ஆழமாக அறிந்த நூல். ஆனால் அழகாகச் சொல்லப்பட்டது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. எட்டாம் கட்டளை பொய்ச்சாட்சியைத் தடுக்கிறது. பதில் சொல்ல வராத ஒருவரைப் பற்றி நாம் சொல்லும் பொய்யே மிக நீண்ட காலம் வாழ்கிறது.

நம் ஊர்களிலும் தனித்து வாழும் பெண்களைப் பற்றி எத்தனை கதைகள் உலாவுகின்றன! சொல்பவர்கள் சுவையாகச் சொல்கிறார்கள். கேட்பவர்கள் தெரியாததுபோற் கேட்டு மறுநாள் இன்னொருவருக்குச் சொல்கிறார்கள். அவள் பிள்ளைகளை எவ்வாறு வளர்த்தாள், சிதறிய குடும்பத்தை எவ்வாறு நிமிர்த்தினாள் என்று எவரும் கேட்பதில்லை. அடுத்த முறை அப்படியொரு கதை காதில் விழும்போது, கிறிஸ்தீன் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாமே: அவள் வேறு என்ன செய்தாள்?